கேமரா எந்தப் பக்கம் நின்றது?

போர் ஆவணத்தொடர்களில் திரும்பத் திரும்ப வரும் காட்சி ஒன்று உண்டு. அகழியிலிருந்து சிப்பாய்கள் ஏறி ஓடி வருகிறார்கள். முகங்கள் நேராகத் தெரிகின்றன. ஒருவர் குண்டடிபட்டுச் சரிகிறார். பின்னணியில் வெடிச்சத்தம், அதன்மேல் கனத்த குரலில் வர்ணனை. அங்கேயே நிறுத்திவிட்டு, கேமரா எங்கே நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஓடி வருபவர்களின் முகம் தெரிகிறது என்றால் கேமராக்காரர் அவர்களுக்கு முன்னால், எதிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். நிஜத் தாக்குதலில் அந்த இடத்தில் நின்று நிதானமாகப் படம் பிடிக்க யாராலும் முடியாது. அது பயிற்சியில் எடுத்ததாக இருக்கும், அல்லது படத்துக்காக நடிக்கச் சொல்லி எடுத்ததாக இருக்கும்.

இதற்கு ஒரு பழைய உதாரணம், முதல் உலகப் போரில் பிரான்ஸின் சோம் ஆற்றுப் பகுதியில் நடந்த சண்டையை 1916-இல் ஜெஃப்ரி மாலின்ஸும் ஜான் மெக்டொவலும் படம்பிடித்த 'தி பேட்டில் ஆஃப் தி சோம்'. அந்த ஆகஸ்ட்டில் வெளியாகி, ஆறே வாரத்தில் பிரிட்டனில் ஏறத்தாழ 2 கோடி டிக்கெட் விற்ற படம். அதில் பெரும்பகுதி நிஜம். தாக்குதல் தொடங்கிய ஜூலை 1 காலை 7.20-க்கு, ஜெர்மானியர் பிடித்திருந்த ஹாதார்ன் மேட்டுக்கு அடியில் புதைத்திருந்த சுமார் 18 டன் வெடிமருந்து வெடித்து மண் மலைபோல் எழுவதை மாலின்ஸ் நேரில் நின்று எடுத்தார். ஆனால் எல்லாத் தொடர்களும் எடுத்து ஒட்டிக்கொள்ளும் அந்த 'அகழியிலிருந்து ஏறும்' காட்சி, போர்முனைக்குப் பின்னால் ஒரு மோர்ட்டார் பயிற்சிப் பள்ளியில் எடுத்தது. அகழி ஆழமே இல்லை. முதுகில் சுமக்க வேண்டிய மூட்டைகள் இல்லை. கேமரா வெட்டவெளியில் நிற்கிறது. ஜூலை 1 அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல்போனவர்கள் எல்லாம் சேர்த்து 57,470 பேர். அவர்களில் இறந்தவர்கள் 19,240. இந்த எண்ணிக்கையை வர்ணனை சொல்லும் வேளையில் திரையில் விழுவது பயிற்சிப் பள்ளியில் விழுந்து எழுந்து போன ஆள். இது சின்ன விஷயம் இல்லை. நிஜமாகச் செத்தவனுக்குச் சேர வேண்டிய துக்கம் வேறு ஆளுக்குப் போகிறது.

நிஜமான தாக்குதல் காட்சி எப்படி இருக்கும்? கேமரா தாழ்வாக இருக்கும். முதுகுகள் தெரியும், முகங்கள் தெரியாது. தூரத்தில் புகை, புள்ளி புள்ளியாக ஆட்கள், சட்டென்று வெட்டுப்படும் ஷாட். பல நேரம் ஒன்றுமே புரியாது. இரண்டாம் உலகப் போரில் நேசப் படைகளின் கேமராக்காரர்கள் அதிகம் தூக்கித் திரிந்த ஐமோ கேமராவில் 100 அடி 35 எம்.எம். பிலிம் போகும். ஓர் அடிக்கு 16 பிரேம், நொடிக்கு 24 பிரேம் என்றால் ஒரு ரீல் 67 நொடியில் தீர்ந்துவிடும். அதற்குள்ளேயே ஸ்பிரிங்கை மறுபடி மறுபடி சாவி கொடுக்க வேண்டும். ரீல் மாற்ற வேண்டும் என்றால் குண்டு மழையில் நிழல் தேடி உட்கார வேண்டும். அதனால் ஒவ்வொரு ஷாட்டும் சில நொடிகள்தான். ஒரே தாக்குதல் முன்னிருந்து, பக்கத்திலிருந்து, உயரத்திலிருந்து என்று மூன்று கோணத்தில் வழுவழுப்பாக வெட்டி ஓடுகிறது என்றால், ஒன்று அது நடிக்கவைத்த காட்சி, இல்லையென்றால் வெவ்வேறு ஊரில் வெவ்வேறு நாளில் எடுத்ததைத் தைத்த காட்சி.

சோவியத் தரப்பிலும் இது உண்டு. 1942 நவம்பர் 23 அன்று கலாச் ஊருக்கு அருகே இரண்டு சோவியத் படைகள் சந்தித்து ஸ்டாலின்கிராடில் இருந்த ஜெர்மன் படையைச் சுற்றி வளைத்தன. பனியில் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொள்ளும் அந்தப் புகழ்பெற்ற காட்சி, சந்திப்பு முடிந்த பிறகு கேமராவுக்காக மறுபடி செய்து காட்டியது. அமெரிக்காவில் 1943-இல் எடுத்த 'டிசம்பர் செவன்த்' படத்தில் பேர்ல் ஹார்பர் தாக்குதலின் பல ஷாட்டுகள் ஸ்டுடியோவில் பொம்மைக் கப்பல்களை வைத்து எடுத்தவை. அவை பிறகு எத்தனையோ தொடர்களில் நிஜக் காட்சியாகவே நுழைந்துவிட்டன. பொம்மைக் கப்பலைக் கண்டுபிடிக்கத் தண்ணீரைப் பாருங்கள். கப்பலைச் சின்னதாகச் செய்யலாம், தண்ணீர்த் துளியைச் சின்னதாக்க முடியாது. 180 மீட்டர் நீளப் போர்க்கப்பலின் பக்கத்தில் எழும் நீரில் துளிகள் தனித்தனியாகப் பெரிதாகத் தெரிந்தால் அது தொட்டித் தண்ணீர். நெருப்பும் அப்படித்தான். நாக்குகள் தடித்து, வேகமாக ஆடும்.

முதல் உலகப் போர்க் காட்சிகளில் ஆட்கள் ஏன் குடுகுடு என்று ஓடுகிறார்கள் என்று பலரும் கேட்பார்கள். அன்றைய கேமராவைக் கையால் சுற்றினார்கள். ஒரு சுற்றுக்கு 8 பிரேம், நொடிக்கு இரண்டு சுற்று, ஆக 16 பிரேம். கை அலுத்தால் குறையும், பதற்றத்தில் கூடும். அதை டிவியில் நொடிக்கு 25 பிரேமாக ஓட்டினால் எல்லாமே ஒன்றரை மடங்கு வேகத்தில் நடக்கும். இதைச் சரிசெய்ய, ஒவ்வொரு இரண்டாவது பிரேமையும் இருமுறை அச்சிட்டு 16-ஐ 24 ஆக்குவார்கள். வேகம் சரியாகும், ஆனால் நடையில் ஒரு நொண்டல் வரும். இப்போது கம்ப்யூட்டர் இடைப்பட்ட பிரேம்களைத் தானே வரைந்து நிரப்புகிறது. அப்போது வீசும் கை, சுழலும் சக்கரம் இவற்றின் ஓரத்தில் ஆவிபோல ஒரு கசிவு தெரியும். வேகம் சரியா என்று பார்க்கக் கைக்கடிகாரம் போதும். பிரிட்டிஷ் சிப்பாய்களின் அணிநடை நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 காலடி. பத்து நொடி எண்ணுங்கள். 20 காலடி வந்தால் சரி, 30 வந்தால் அந்தத் தொடர் எடுத்தவர்கள் வேகத்தைத் திருத்தவே இல்லை.

இன்னொரு குறை, படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவது. வரைபடத்தில் நேச நாடுகள் மேற்கே இருப்பதால், அவர்கள் இடமிருந்து வலமாகவும் ஜெர்மானியர்கள் வலமிருந்து இடமாகவும் முன்னேறினால் பார்ப்பவருக்குக் குழப்பம் இருக்காது என்று நினைத்து எடிட்டர்கள் பிலிமைத் திருப்பிவிடுவார்கள். கண்டுபிடிக்க ரைபிளைப் பாருங்கள். பிரிட்டனின் லீ-என்ஃபீல்டிலும் ஜெர்மனியின் மவுசரிலும் போல்ட் கைப்பிடி துப்பாக்கியின் வலப்புறம் இருக்கும். அது இடப்புறம் தெரிந்தால் பிலிம் திரும்பியிருக்கிறது. ஜெர்மன் தரைப்படைச் சட்டையில் கழுகுச் சின்னம் வலது மார்பில் இருக்க வேண்டும். இடது மார்பில் இருந்தால் அதே கதைதான்.

ஒரு காட்சி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று சொல்லும் அடையாளங்களைக் கற்றுக்கொண்டால், தொடர் பார்ப்பதே வேறு அனுபவமாகிவிடும். நம்பகமானது அமெரிக்க விமானத்தின் நட்சத்திரம். போர் தொடங்கியபோது வெள்ளை நட்சத்திரத்தின் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. ஜப்பானியச் சின்னத்தோடு குழப்பம் வருகிறது என்று 1942 மே மாதம் அதை எடுத்துவிட்டார்கள். 1943 நடுவில் இருபுறமும் வெள்ளைப் பட்டைகள் சேர்ந்தன. ஆகவே 1942 ஜூனில் நடந்த மிட்வே சண்டையைச் சொல்லும்போது பட்டை வைத்த நட்சத்திரம் தெரிந்தால், அந்த விமானம் குறைந்தது ஓராண்டு கழித்து எடுத்த படத்திலிருந்து வந்தது. ஐரோப்பாவில் விமானத்தின் இறக்கையில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அது நார்மண்டி தரையிறக்கத்தையொட்டியோ அதற்குப் பிறகோ, அதாவது 1944 ஜூன் அல்லது அதற்கு அப்பால். ஜெர்மானியரின் டைகர் டாங்கி 1942 ஆகஸ்ட் இறுதிக்கு முன் களத்தில் கிடையாது, பாந்தர் 1943 ஜூலையில் குர்ஸ்க் சண்டையில்தான் இறங்கியது. 1941-இல் ரஷ்யா மீதான படையெடுப்பைச் சொல்லிக்கொண்டே டைகரைக் காட்டும் தொடரில், மற்ற காட்சிகளையும் சந்தேகத்தோடு பாருங்கள். ஹெல்மெட்டும் உதவும். நார்மண்டிக் கரையில் படகுக் கதவு திறந்து சிப்பாய்கள் இறங்கும் பிரபலமான ஷாட்டில் தலையில் இருப்பது அமெரிக்கரின் குடுவை வடிவ ஹெல்மெட் இல்லை. அவர்கள் ஜூனோ கரையில் இறங்கிய கனடாக்காரர்கள். அமெரிக்கர்கள் இறங்கிய ஒமாஹா கரையைப் பற்றிப் பேசும்போது இதைக் காட்டினால் அது தவறு.

சத்தத்தைப் பற்றி ஒரே வார்த்தையில் சொல்லலாம்: நம்பாதீர்கள். போர்முனையில் திரிந்த கேமராக்கள் பெரும்பாலும் ஊமை. துப்பாக்கிச் சத்தம், டாங்கிச் சங்கிலிச் சத்தம், கூச்சல் எல்லாம் பின்னால் ஸ்டுடியோவில் சேர்த்தது. ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டர் தள்ளி வெடித்தால், பளிச்சென்று தெரிந்து மூன்று நொடி கழித்தே காதுக்கு வர வேண்டும். தூரத்து வெடிப்பின் ஒளியும் ஒலியும் ஒன்றாக வருகிறதென்றால் அது நூலகச் சத்தம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, ஊமைப் படத்தை ஒரு மணிநேரம் பார்ப்பது கஷ்டம். ஆனால் சத்தம் நம் பயத்தை இழுத்துக்கொண்டு போகிறது, கண்ணைப் பார்க்க விடுவதில்லை. அதனால் ஒரு பகுதியை முழுதாகப் பார்த்த பிறகு, அதிலிருந்து பத்து நிமிடத்தை ஒலியை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ஷாட்டையும் நிறுத்தி, பருவம் என்ன, தலையில் என்ன, கேமரா யாருடையது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள். வர்ணனை 'டிசம்பர் மாத மாஸ்கோ' என்று சொல்லியிருக்கும், திரையில் மரத்தில் இலை இருக்கும்.

யாருடைய கேமரா என்பதில்தான் பெரிய பொறி இருக்கிறது. 1941-இல் சோவியத் கிராமங்கள் எரியும் காட்சிகளில் பெரும்பங்கு ஜெர்மானியப் பிரச்சாரப் படைப்பிரிவின் கேமராக்காரர்கள் எடுத்தவை. எரித்த படையின் தோளுக்குப் பின்னாலிருந்து நாம் பார்க்கிறோம். வர்ணனை ஜெர்மானியரைக் கண்டித்துக்கொண்டிருக்கும், படம் அவர்கள் பார்க்க விரும்பியதைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இதன் கொடுமை வார்சா கெட்டோவில், அதாவது போலந்தின் வார்சா நகரில் ஜெர்மானியர் யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியில், தெரியும். 1942 மே மாதம் ஒரு ஜெர்மன் படக்குழு அங்கே ஒரு மாதம் போலப் படம் எடுத்தது. போருக்குப் பின் கிழக்கு ஜெர்மன் காப்பகத்தில் அதன் ரீல்கள் கிடைத்தன. சுமார் ஒரு மணிநேரம், ஒலி இல்லை, 'கெட்டோ' என்று மட்டும் பெயர். உணவகத்தில் நன்றாக உடுத்தியவர்கள் சாப்பிடுகிறார்கள், வெளியே பட்டினியில் குழந்தைகள் நிற்கிறார்கள், நடைபாதையில் கிடப்பவர்களைக் கண்டுகொள்ளாமல் ஆட்கள் கடந்து போகிறார்கள். பணக்கார யூதர் ஏழை யூதரைச் சாகவிட்டார் என்று காட்டுவதற்காகத் தொகுத்தது. பல பத்தாண்டுகளாக ஆவணப்படங்கள் இந்த ஷாட்டுகளைக் கெட்டோ வாழ்க்கையின் நேரடிச் சாட்சியாக எடுத்துப் பயன்படுத்தின. 1998-இல் வெட்டித் தள்ளிய இன்னொரு ரீல் கிடைத்தது. அதில் ஒரே காட்சியை மறுபடி மறுபடி எடுக்கிறார்கள். அதே ஆட்கள் அதே இடத்தைத் திரும்பத் திரும்பக் கடக்கிறார்கள். பிரேமின் ஓரத்தில் இன்னொரு கேமராக்காரர் நிற்பதும் பதிவாகியிருக்கிறது. கெட்டோவின் யூதக் குழுத் தலைவர் ஆதம் செர்னியாகோவ் இந்தப் படப்பிடிப்பைப் பற்றித் தன் நாட்குறிப்பில் எழுதியிருந்தார். ஜூலை 22 அன்று ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ஆட்களை ஏற்றிச் செல்வது தொடங்கியது. மறுநாள் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். செப்டம்பருக்குள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோய்விட்டார்கள். ஆகவே அந்த ஷாட்டுகளைத் தூக்கி எறிய முடியாது. அந்த முகங்களில் பலவற்றுக்கு வேறு படமே கிடையாது. உணவக மேசை பொய். அந்த மேசையில் உட்காரவைக்கப்பட்ட பெண்ணின் பார்வை, கேமராவுக்குப் பக்கவாட்டில் நிற்கும் யாரையோ நோக்கித் திரும்பித் திரும்பிப் போவது நிஜம். அதைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான உதாரணமும் இருக்கிறது. 1943 நவம்பரில் பசிபிக் கடலின் தாராவா தீவுத் திட்டில் நார்மன் ஹாட்சும் மற்றவர்களும் எடுத்த காட்சிகளில் அமெரிக்கச் சிப்பாய்களும் ஜப்பானியச் சிப்பாய்களும் ஒரே பிரேமில் இருக்கிறார்கள். போரில் அது மிக அபூர்வம். 76 மணிநேரச் சண்டையில் ஆயிரம் அமெரிக்கர்கள் இறந்தார்கள். சுமார் 4,800 பேர் கொண்ட ஜப்பானியக் காவல்படையில், கட்டாய வேலைக்குக் கொண்டுவந்த கொரியர்களையும் சேர்த்து, உயிரோடு பிடிபட்டவர் 146 பேர். அலையில் மிதக்கும் அமெரிக்கச் சடலங்களை மக்களுக்குக் காட்டலாமா என்பது ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வரை போய், காட்டலாம் என்று முடிவானது. அந்தக் காட்சிகளில் வண்ணத்தில் இருப்பவற்றின் நிறம் கேமராவிலேயே பதிவானது, பின்னால் பூசியதில்லை. கம்ப்யூட்டரில் நிறம் பூசிய படத்தில் புல்லெல்லாம் ஒரே பச்சை, தோலெல்லாம் ஒரே மாநிறம், தூசியிலும் புகையிலும் நிறமே இருக்காது.

எந்தத் தொடராக இருந்தாலும், அது எந்த ஆண்டு எடுத்தது என்று முதலில் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்கு இன்றும் நான் முதலில் கைகாட்டுவது 'தி வேர்ல்ட் அட் வார்'. தேம்ஸ் டெலிவிஷன் எடுத்து, 1973 அக்டோபர் 31 முதல் ஒளிபரப்பான 26 பகுதிகள். ஜெரமி ஐசக்ஸ் தயாரிப்பு, லாரன்ஸ் ஒலிவியர் குரல். முதல் காட்சியே 1944 ஜூன் 10-இல் ஜெர்மானியர் அழித்த ஒராதூர் கிராமத்தின் இடிந்த தெரு. அவசரமில்லாத, மரியாதையான தொடர், போரை வாழ்ந்தவர்கள் ஐம்பது அறுபது வயதில் நினைவு மங்காமல் பேசுகிறார்கள். ஆனால் அதில் இல்லாதவை உண்டு. ஜெர்மானியரின் எனிக்மா ரகசியக் குறியீட்டை பிரிட்டன் உடைத்துப் படித்தது 1974-இல்தான் பொதுவில் விரிவாகத் தெரியவந்தது, தொடர் அந்த மே மாதமே முடிந்துவிட்டது. அதனால் அட்லாண்டிக் நீர்மூழ்கிப் போரைச் சொல்லும் பகுதியில் அந்தக் காரணமே வராது. சோவியத் இழப்பு 2 கோடி என்பது அன்றைய கணக்கு, 1990-க்குப் பிந்தைய கணக்கு 2.66 கோடி.

சாட்சிகளையும் அப்படியே பார்க்க வேண்டும். ஹிட்லரின் ஆயுத அமைச்சர் ஆல்பர்ட் ஸ்பியர் அந்தத் தொடரில் பேசுகிறார். நூரெம்பர்கில் 20 ஆண்டு தண்டனை பெற்று 1966-இல் வெளியே வந்தவர். அமைதியாக, நாகரிகமாக, வருத்தம் தெரிவிக்கும் தொனியில் பேசுவார். யூதப் படுகொலையைப் பற்றித் தனக்குத் தெரியாது என்பதே வெளியுலகுக்கு அவர் வாழ்நாளெல்லாம் சொன்னது. 1943 அக்டோபர் 6 அன்று போசன் நகரில் ஹிம்லர் அதை வெளிப்படையாக அறிவித்த கூட்டத்தில் தான் இருந்ததாக 1971 டிசம்பரில் ஸ்பியர் எழுதிய தனிக்கடிதம் 2007-இல் வெளியானது. அதற்குப் பிறகு அந்தப் பேட்டியைப் பார்க்கும்போது, அவர் எந்த இடத்தில் 'நாங்கள்' என்கிறார், எந்த இடத்தில் 'அவர்கள்' என்கிறார் என்பது கவனத்துக்கு வரும்.

பார்க்கும் கருவியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பழைய தொடர்கள் 4:3 அளவில் எடுத்தவை. திரையின் இருபுறமும் கறுப்புப் பட்டை இருப்பதுதான் சரி. அகலத்திரைக்கு நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டினால் படத்தில் கால்பங்கு போய்விடும். 'தி வேர்ல்ட் அட் வார்' 2010-இல் புதுப்பித்து வெளிவந்தபோது இப்படித்தான் வெட்டினார்கள். சுத்தமான படம், ஆனால் ஹெல்மெட்டும் பூட்ஸும் காணோம். பழைய அளவில் கிடைத்தால் அதையே பாருங்கள். டிவி மெனுவில் அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். தமிழ் டப்பிங்கில் பார்த்தால் இரண்டு இழப்பு. சாட்சியின் சொந்தக் குரல், தயக்கம், மூச்சு எல்லாம் மறைகிறது. அடுத்தது, ஆயிரம் பேருக்கும் குறைவான பட்டாலியனும் பதினைந்தாயிரம் பேர் வரை கொண்ட டிவிஷனும் பல நேரம் ஒரே 'படைப்பிரிவு' ஆகிவிடுகின்றன. 'மூன்று படைப்பிரிவுகள் அழிந்தன' என்றால் இரண்டாயிரம் பேரா, நாற்பதாயிரம் பேரா என்று தெரியாமல் போகும். வசன வரியோடு மூலக்குரலில் பார்ப்பது நல்லது.

கேமராவே போகாத இடங்களும் இருக்கின்றன. தமிழ் வாசகர்கள் நிறுத்திப் பார்க்க வேண்டிய பகுதி பர்மாவைப் பற்றியது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானியர் 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதில் வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல், இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாதவர்கள், இறந்தவர்கள் 90,000 வரை என்பது பரவலான மதிப்பீடு. அவர்களில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் மிகப் பலர். கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், பெயர்ப்பட்டியல் இருந்தது, ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். ஜாக் சாக்கர், ரொனால்ட் சேர்ல் போன்றவர்கள் ஒளித்து வைத்து வரைந்த ஓவியங்கள் மிஞ்சின. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது தோட்டத் தொழிலாளர் முகாம்களில் இவை எதுவும் இல்லை.

இந்தப் பகுதி ஓடும்போது வர்ணனையைக் கவனியுங்கள். கைதிகளைப் பற்றி இருபது நிமிடம் போகும், ஆசியத் தொழிலாளர்கள் ஒரு வாக்கியத்தில் வருவார்கள். அந்த வாக்கியத்தில் ஒலியை அணைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். எலும்பும் தோலுமாக நிற்பவர்கள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகள். அடுத்து கேமரா தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தின் மேல் மெதுவாக நகரும். புல்லை ஒட்ட வெட்டியிருக்கும். வரிசை வரிசையாகக் கற்கள், பெயர், வயது, படைப்பிரிவு. அங்கே இருப்பவை 6,982 கல்லறைகள், எல்லாம் போர்க்கைதிகளுடையவை.